பாலாற்றங்கரை படிக்க வேண்டிய புத்தகங்கள்

பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் வெளியுலகம் மிகுதியாகப் படித்தது எது என்று எவரேனும் வினவுவாராயின், ஒரு காவியத்தையோ நாவலையோ நாம் எடுத்துக்காட்ட இயலாது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி வழங்கிய தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்ட மாணவர்களுக்கெல்லாம் பாடமாக இருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், தோல் தொழிற்கூடங்கள் மலிந்த இப்பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவுக்கோ முற்றாகவோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று என்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. நிலத்தின் அளவும் நீரின் அளவும் அபராதத் தொகையும் அதில் உண்டு. ஆனால் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்த முதல் நாளில், குடத்தைக் கவிழ்த்துவிட்டு வீடு திரும்பிய பெண் தன் மகளிடம் என்ன சொன்னாள் என்பது அதில் இல்லை. அதைச் சொல்வது நீதிமன்றத்தின் காரியமும் அன்று.

அத்தீர்ப்புக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், இதே ஆற்றைப் பற்றி வேறொரு குரல் பேசியிருக்கிறது. டாக்டர் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு', பாலாற்றையடுத்த வாலாஜாப்பேட்டையிலே தொடங்குகிறது. 1961ஆம் ஆண்டில் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அந்நாவலில் பாலாறு ஊருக்கு நன்மை செய்யும் ஆறாகவே காட்சி தருகிறது. மு.வ. ராணிப்பேட்டையை அடுத்த வேலம் என்னும் சிற்றூருக்கு உரியவர். திருப்பத்தூரில் தாலுக்கா அலுவலகத்தில் எழுத்தராக உத்தியோகம் பார்த்து, பின்பு அவ்வூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியிலேயே தமிழாசிரியராக அமர்ந்து, 1939இல் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றவர். அவருடைய நாவல்கள் அறவுரையின் பாரம் தாங்காமல் ஆங்காங்கே தளர்ந்துவிடுகின்றன என்று விமர்சகர்கள் கூறுவதை நான் மறுக்கமாட்டேன். எனினும், இப்பள்ளத்தாக்கின் மண்ணையும் நீரையும் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களின் சிநேகத்தையும் தமிழ் உரைநடைக்குள் நிரந்தரமாகக் கொணர்ந்து வைத்தவர் அவரே என்னும் உண்மையை அந்தக் குறை மறைத்துவிடாது.

இந்த இரண்டு எழுத்துகளுக்கும் இடையே கிடக்கும் காலத்தில் நிகழ்ந்தது என்ன? ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறை பின்னடைந்து குரோமிய உப்பு மேலோங்கிற்று. 1970களின் தொடக்கத்தில், அரைப்பதமான தோலை ஏற்றுமதி செய்வதை மைய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் அனுப்புமாறு தூண்டிற்று. ராணிப்பேட்டையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அழுகாமல் இருப்பதற்காக உப்பிட்டு வந்த தோல்களை ஊறவைத்துக் கழுவிய நீர் அத்தனையும் ஆற்றிலும் ஏரியிலும் கலந்து, ஊற்றுக்கண்களுக்குள் இறங்கிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுக்கும் ஊர்கள் என்று பிரசித்தி பெற்றன. உழுதவன் டேனரிக்குப் போனான். அவன் மகள் ஷூ கம்பெனிக்குப் போனாள். ஒரு சமுதாயம் ஒரே தலைமுறைக்குள் மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டு ஆலைக்குள் நடப்பட்ட இவ்வரலாறு, எந்த மொழியிலேனும் ஒரு பெருநாவலுக்குப் போதிய விஷயம். தீர்ப்புக்குப் பின்னும் அது ஓயவில்லை: 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர், அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை பாலாற்றின் பொருட்டுத் தீர்ப்பு எழுத வேண்டியதாயிற்று.

தமிழ் இலக்கியத்தை நிலப்பகுதிகளாக வகுத்துப் பேசும் வழக்கம் இப்போது வேரூன்றிவிட்டது. கரிசல் இலக்கியம் என்கிறோம், நாஞ்சில் நாட்டு எழுத்து என்கிறோம், கொங்கு நாட்டுக் கதை என்கிறோம். தோல் தொழிலின் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும், அங்கே வியாபாரம் உண்டு, பிரியாணி உண்டு, இலக்கியம் ஏது என்று கேட்டுக் கடந்துவிடுகிறோம். இந்த அபிப்பிராயம் தவறானது. தவறு என்பதோடு அநியாயமானதும்கூட. எழுதியவர்கள் இங்கே இருக்கிறார்கள், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களைச் சென்னையிலும் மதுரையிலும் ஆராய்ச்சி மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்கள் எவரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் வாழும் தெருக்களில் அந்தப் புத்தகங்களைக் காண்பது அரிது. இதுவே என் குற்றச்சாட்டு. நம்முடைய இலக்கியச் சூழலின் ஆரோக்கியத்தை விருதுப் பட்டியலைக்கொண்டும் விழா மேடைகளைக்கொண்டும் அளவிடுகிறோமே அன்றி, ஒரு நூல் தான் பிறந்த மண்ணில் கைக்கெட்டுகிறதா என்று கேட்பதே இல்லை.

அழகிய பெரியவனை முதலிற் சொல்ல வேண்டும். பேர்ணாம்பட்டில் 1968இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து, கவிதை, சிறுகதை, நாவல், கட்டுரை ஆகிய நான்கிலும் எழுதியவர் அவர். அவருடைய 'தகப்பன் கொடி' 2001இல் வெளிவந்தது. நிலமும் சாதியும் ஒரு தலித் குடும்பத்தின் தலைமுறைகளை எவ்வாறு அலைக்கழிக்கின்றன என்பதை, கூக்குரல் இன்றி, ஆனால் ஓரிடத்திலும் உண்மையை மென்மைப்படுத்தாமல் அந்நாவல் கூறுகிறது. வடாற்காட்டுப் பேச்சுத் தமிழ் அதில் அலங்காரத்துக்காகத் தூவப்பட்டதன்று; பாத்திரங்கள் அந்தப் பேச்சிலேயே சிந்திக்கிறார்கள். 'தீட்டு', 'நெரிக்கட்டு' முதலிய அவருடைய சிறுகதைத் தொகுதிகளையும் சேர்த்துப் படிப்போருக்கு, இப்பிரதேசத்தின் கிராமங்களைப் பற்றி எந்த அரசாங்க அறிக்கையும் தராத ஞானம் கிட்டும்.

அவருடைய 'வல்லிசை'யை இங்கே தனியே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பறையும் அதனை அடிப்போரின் தன்மானமும் அந்நாவலின் பொருள். பறை என்பது என்ன? விலங்கின் தோல், அதைச் செப்பனிடத் தெரிந்த கை, இழுத்துக் கட்டித் தீயில் காய்ச்சி நாதத்தை வரவழைக்கும் வித்தை. அந்த வித்தையை உடையவனைச் சேரிக்கு ஒதுக்கிய சமூகம், அதே தோலை ஆலையில் பதனிட்டுக் கப்பலில் ஏற்றியபோது அதைக் கௌரவமான வாணிபமாக ஏற்றுக்கொண்டது. இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது தாழ்த்தப்பட்டவர் காலிலுள்ள செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் கொடுமை நெடுங்காலம் நிலவிற்று. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆட்பட்டிருந்த மக்களின் பேரப்பிள்ளைகளே இன்று ஐரோப்பியரின் கால்களுக்குச் சப்பாத்து தைத்து அனுப்புகிறார்கள். இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துப் படிக்கும் வாசகனுக்குத்தான் அழகிய பெரியவனின் எழுத்து முழுமையாகத் திறந்துகொடுக்கும். அத்தகைய வாசகன் வேறெங்கும் இருப்பதைவிட ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் இருப்பதற்கே நியாயம் அதிகம்.

ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து எழுதும் கவிப்பித்தனும் இவ்வரிசையில் வைக்கத் தக்கவர். சித்தூர்ச் சீமையிலிருந்து இறங்கிப் பாலாற்றோடு கலக்கும் பொன்னையாற்றுக்கு நீவாநதி என்றொரு பெயர் உண்டு. அப்பெயரையே தம் நாவலுக்குச் சூட்டிய அவர், அவ்வட்டாரத்து உழுகுடிகளின் வாழ்வை அவர்கள் பேச்சின் மணம் குன்றாமல் எழுதிவருகிறார்.

ஆயினும், தோல் பதனிடும் தொழிலையே நடுநாயகமாகக் கொண்டு தமிழில் பெரும்புகழ் பெற்ற நாவல், பாலாற்றங்கரையிலிருந்து வரவில்லை, திண்டுக்கல்லிலிருந்து வந்தது. டி. செல்வராஜின் 'தோல்' 2010இல் வெளியாகி, 2012ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்து, பொதுவுடைமை இயக்கத்தோடு பிணைந்திருந்த செல்வராஜ், தம் கண்ணெதிரே இருந்த தொழிலாளர்களின் வாய்மொழிகளைப் பல்லாண்டு செவிமடுத்துச் சேகரித்து அந்நூலை ஆக்கினார். சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்று உழைத்தவர்கள், கையும் காலும் வெந்து புண்ணானவர்கள், முன்பணம் என்னும் கண்ணியில் மாட்டி வாழ்நாள் முழுதும் மீளாதவர்கள், சங்கம் என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மனிதர்களாக எழுந்து நின்ற சரித்திரம் அதில் இருக்கிறது. பாத்திரங்கள் அளவுக்கு மிஞ்சி நிறைந்திருப்பதாலும், இயக்க நடவடிக்கைகளின் விவரிப்பு நீண்டுவிடுவதாலும், நூலின் நடை சிற்சில அத்தியாயங்களில் தொய்வடைகிறது என்பது உண்மையே. ஆனால் தொழிற்கூடத்தின் துர்நாற்றத்தை மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் எழுத்திற் கொணர்ந்த அந்தத் துணிவு, நயமான நடையில் எழுதப்பட்ட பல நாவல்களுக்கு வாய்க்காதது. தற்செயலான ஓர் ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன்: நான் முதலிற் குறிப்பிட்ட வேலூர்த் தீர்ப்பிலேயே திண்டுக்கல்லும் இடம்பெறுகிறது. அங்கே 13 கிராமங்களில் ஆராய்ந்த 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தன என்று அத்தீர்ப்பு கூறுகிறது. ஒரே நோயால் வருந்திய இரண்டு ஊர்களில், ஒன்று தன் துயரத்தை நாவலாக்கிக்கொண்டது. மற்றொன்று அந்த நாவலை எடுத்துப் படித்திருக்க வேண்டாமா?

தமிழில் தொழிலாளர் வாழ்வைப் பாடுபொருளாக்கிய நாவல்களுக்கு ஒரு சிறந்த பரம்பரையே உண்டு என்பதை இன்றைய இளம் வாசகர் பலர் அறியார். நெசவாளர் துயரைச் சொன்ன தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்து, பின்பு செக் மொழிக்கும் போயிற்று. தூத்துக்குடி உப்பளத்துக்கு நேரிற் சென்று, அங்கே உழைப்போருடன் பழகி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதினார். தீப்பெட்டித் தொழிலில் வாடிய குழந்தைகளுக்காகக் 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினார். ஆலப்புழைத் தோட்டிகளைப் பற்றித் தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதியதைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்று தமிழாக்கினார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மடிந்தவர்களின் கதையை மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி வைக்க, இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆம்பூரிலுள்ள ஒரு கல்லூரி மாணவி இந்த நூல்களை ஓராண்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடிப்பாளாயின், அவளுடைய தாய் மாலைதோறும் வாசற்படியில் உட்கார்ந்து செய்யும் வேலை எழுதத் தக்க விஷயம் என்பதை எவரும் அவளுக்குப் போதிக்கத் தேவையில்லை.

அந்த வேலையைச் சற்று அருகிற் சென்று பார்க்க வேண்டும். ஆலையிலிருந்து துளையிட்ட தோல்துண்டுகள் பையிலே கட்டுக்கட்டாக வீட்டுக்கு வருகின்றன. அப்பர் என்று சொல்லப்படும் சப்பாத்தின் மேற்பாகம் அது. மெழுகிட்ட நூலைக் கோத்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊசியைச் செலுத்தி, நூல் விரலை அறுக்குமளவுக்கு இழுத்து இறுக்கி, வளைந்த முனையில் மடிப்பு ஒரே சீராக விழும்படி தைக்க வேண்டும். மடிப்பு பிசகினால் அந்த ஜோடி திரும்பி வந்துவிடும். கூலி நாளுக்கு அன்று, ஜோடிக்கு. சமையலுக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் இடையே கிடைக்கும் நாழிகைகளில் இது நடக்கிறது. இத்தகைய பெண்ணிடம் போய், புத்தகம் படி என்று சொல்வது ஈரமற்ற உபதேசம் ஆகாதா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் மதிக்கிறேன்.

அதற்கு விடை வெளிநாட்டு அனுபவம் ஒன்றில் இருக்கிறது. நம்முடைய அண்டை மாநிலத்திலும் இருக்கிறது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்கூடங்களில் 1865 முதற்கொண்டு, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் திரட்டி, ஒரு வாசிப்பாளரை அமர்த்திக்கொண்டார்கள். கைகள் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, அவர் மேடைமீது அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்கப் படித்தார். துமாவின் நாவலில் அவர்கள் கொண்ட மோகத்தாலேயே ஒரு சுருட்டுக்கு மாண்டே கிறிஸ்டோ என்னும் பெயர் வந்தது. கேரளத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களும் அவ்வாறே செய்தார்கள்: ஒருவர் படிப்பார், அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். அந்தத் தொழிலாளரிடையே அரசியல் அறிவும் இலக்கிய ரசனையும் ஓங்கியதற்கு அந்த வாசிப்பு ஒரு முக்கிய காரணம். நம் ஊர்களிலும் திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட காலம் இருந்ததே! ஆலைக்குள் யந்திரங்களின் இரைச்சலில் இது நடவாது. கையால் அப்பர் தைக்கும் திண்ணைகளிலும், பீடி சுற்றும் குடியாத்தத்து வீடுகளிலும் இன்றைக்கும் நடக்கும். பள்ளியில் படிக்கும் ஒரு பெண்குழந்தை அன்றாடம் அரைமணி நேரம் ஒரு சிறுகதையை உரக்கப் படித்தாலே போதும். குழந்தைக்கு உச்சரிப்புத் திருந்தும், தாய்மார்களுக்குக் கதை கிட்டும், படித்த கதை சரியா தவறா என்று அவர்கள் வாதாடத் தொடங்கும்போது விமர்சனமும் பிறக்கும்.

இனி, இப்பிரதேசத்துக்கே உரிய ஒரு பெருஞ்செல்வத்தையும் அது வீணாவதையும் பேச வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர் ஆகிய ஊர்களில் உருது வாழ்கிறது. வீட்டு மொழியாகவும் மதரஸா மொழியாகவும் மட்டும் அன்று, கவிதை மொழியாகவும் வாழ்கிறது. முஷாயிரா என்னும் கவியரங்குகளில், ஒரு நல்ல வரி வந்து விழும்போது அதனைத் திரும்பச் சொல்லுமாறு சபை கேட்பதும், கவிஞர் திரும்பத் திரும்பச் சொல்வதும், தோல் வியாபாரியும் ஹஸ்ரத்தும் கல்லூரி மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து அதனைச் சுவைப்பதும் இங்கே நெடுநாளைய வழக்கம். அதே ஊரில், அடுத்த தெருவில், தமிழ்ப் புத்தகம் படிக்கும் ஒருவருக்கு அந்தக் கவிஞர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. உருதுக் கவிஞருக்கு அழகிய பெரியவன் தெரியாது. ஒரே ஆற்றின் தண்ணீரைக் குடித்து, ஒரே கழிவால் துன்புற்று, ஒரே தொழிலால் பிழைக்கும் இரண்டு கூட்டத்தார், ஒருவர் மனத்தில் உள்ளதை மற்றவர் அறியாமலே நூறாண்டுகளைக் கழித்துவிட்டோம்.

இந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்து காட்டியவர் கவிக்கோ அப்துல் ரகுமான். மதுரையில் உருதுக் கவிஞர் குடும்பத்தில் 1937இல் பிறந்த அவர், 1919இல் நிறுவப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக ஏறக்குறைய முப்பதாண்டுகள் பணிபுரிந்தார். அவருடைய முதற்கவிதைத் தொகுதியாகிய 'பால்வீதி' 1974இல் வந்தது. 'ஆலாபனை' 1999இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 'மின்மினிகளால் ஒரு கடிதம்' என்னும் தொகுதியில் கஜல் என்னும் உருது யாப்பைத் தமிழில் அமர்த்திக் காட்டினார். தனித்தனியே நிற்கும் ஈரடிகள், தனித்தனி முத்தாகவும் ஒரே சரமாகவும் விளங்க வேண்டும் என்பது அந்த வடிவத்தின் இலக்கணம். அவருடைய கவிதைகளுள் சில சிலேடையின் சாமர்த்தியத்தோடு நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். அவருடைய கஜல்களில் உள்ள தாபமோ நிலைத்து நிற்கக்கூடியது. கஜல் தமிழுக்கு வந்த வழிகளுள் ஒன்று வாணியம்பாடியின் ஊடாக அமைந்தது என்பதை இவ்வூர்க்காரர் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2017இல் அவர் மறைந்த பிறகு, அந்தக் கதவின் வழியே இன்னும் எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்?

உருது வீட்டிலிருந்து அண்டை மொழிக்கு நடந்த ஒருவரைக் காணக் கர்நாடகத்துக்குச் செல்வோம். 2025ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசு, ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளைத் தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் பெயர்த்த 'ஹார்ட் லாம்ப்' என்னும் தொகுதிக்குக் கிடைத்தது. பானு முஷ்தாக்கின் வீட்டு மொழி உருது. எட்டு வயதில் ஷிமோகாவில் ஒரு கன்னடப் பள்ளியிற் சேர்க்கப்பட்டு, ஆறு மாதத்துக்குள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையை நிறைவேற்றிய அந்தச் சிறுமி, பின்னாளில் வழக்கறிஞராகித் தம் சமுதாயத்துப் பெண்களின் நெஞ்சக்குமுறலைக் கன்னடத்தில் எழுதினார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பெண்குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யையும் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யையும் கையிற் கொடுத்தவர் யார்? தன்னைப்போன்ற ஒருத்தி கதையில் வருவதை ஒருமுறை கண்ட குழந்தைதான் நாளைக்கு எழுதத் துணியும்.

இவ்வாறு நான் சொல்லும்போது, சொந்த ஊர்க் கதையை மட்டுமே படித்துக்கொண்டிருப்பது கிணற்றுத் தவளை வாழ்வாகாதா என்று சிலர் ஆட்சேபிப்பர். உலக இலக்கியத்தை ஒதுக்க நான் சொல்லவில்லை. உள்ளூரின் தொழிலை அறிந்தவனுக்கு உலக இலக்கியம் இன்னும் நெருங்கி வரும் என்கிறேன். டால்ஸ்டாய் தம் முதுமையில் சப்பாத்து தைக்கக் கற்றுக்கொண்டவர். மனிதர்கள் எதனால் வாழ்கிறார்கள் என்னும் கேள்வியை அவர் ஓர் ஏழைச் சப்பாத்துத் தொழிலாளி வீட்டில் வைத்துக் கதையாக்கினார். பணக்காரன் ஒருவன் உயர்ந்த தோலைக் கொண்டுவந்து, ஓராண்டு உழைக்கும் பூட்சு தைத்துத் தருமாறு அதட்டுகிறான். உதவியாளோ அந்தத் தோலைப் பிணத்துக்கு அணிவிக்கும் மெல்லிய செருப்பாக வெட்டிவிடுகிறான். நல்ல தோல் தவறாக வெட்டப்பட்டுவிட்டதே என்று அந்த வீட்டுக்காரன் பதறும் இடத்தைப் படிக்கும்போது, பட்டணத்து வாசகன் கதையின் தத்துவத்தைத் தேடுவான். ஒரு சதுர அடித் தோலின் விலை தெரிந்த ஆம்பூர் வாசகனுக்கு அந்தப் பதற்றம் வயிற்றிலே உணரப்படும். நம்முடைய பூமணி 'பிறகு' நாவலில் கரிசல் கிராமத்துச் செருப்புத் தைக்கும் அழகிரியைப் படைத்திருக்கிறார். டால்ஸ்டாயையும் பூமணியையும் அடுத்தடுத்துப் படிப்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கைவிடத் தகுதியான இடம் உலகில் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. 1948ஆம் ஆண்டின் பொதுநூலகச் சட்டப்படி, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது; ஆம்பூரின் ஒவ்வொரு வீடும் ஒவ்வோர் ஆலையும் நூலகத்துக்குப் பணம் கொடுக்கின்றன. ஆகையால், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களின் நூலகங்களிலும், கிளை நூலகம் வரையில், நான் மேலே சொன்ன நூல்கள் இருந்தாக வேண்டும் என்று கேட்பது யாசகமன்று, உரிமை. மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடத்தும் நல்ல வழக்கத்தை 2022 முதல் அரசு மேற்கொண்டிருக்கிறது. இலக்கியத் திருவிழாக்களுக்குப் பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று நீர்நிலைகளின் பெயர்களையே சூட்டியபோது, பாலாற்றின் பெயர் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. பாலாற்று இலக்கியத் திருவிழா ஒன்று நடைபெற வேண்டும். அதில் தமிழ்க் கவியரங்கும் முஷாயிராவும் ஒரே பந்தலில், ஒரே சபையின் முன் நிகழ வேண்டும்.

தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக்கொண்டு கல்லூரிகளையும் பள்ளிகளையும் நிறுவிய வள்ளல்கள் இப்பிரதேசத்தில் பலர். காகா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் தொடங்கிய தாருஸ்ஸலாம் இன்றும் நாடெங்குமிருந்து மாணவர்களை ஈர்க்கிறது. அந்த வள்ளன்மையின் வழிவந்தவர்கள், ஆண்டுக்கு ஒரு நூலேனும் உருதுவிலிருந்து தமிழுக்கும், ஒரு நூல் தமிழிலிருந்து உருதுவுக்கும் பெயர்க்கப்படுவதற்கு ஒரு நிதியை ஒதுக்குவார்களாயின், அவர்கள் கட்டிய கட்டடங்களுக்கு இணையான தர்மமாக அது விளங்கும். மொழிபெயர்ப்பாளரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரண்டு மொழியிலும் கனவு காணும் இளைஞர்கள் இக்கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். 'தகப்பன் கொடி'யை உருதுவில் கொண்டுவருவது அவர்களுடைய முதற்பணியாகட்டும். டேனரித் தொழிலாளியின் வீட்டிலும் முதலாளியின் வீட்டிலும் அந்த ஒரே புத்தகம் படிக்கப்படட்டும்.